விவாதக் களம் தொடங்குவோர் முதலில் தேட வேண்டியது மட்டுறுத்துநர்களை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் புதிதாக ஒரு விவாதக் களம் தொடங்குவது எப்படி என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்த மென்பொருளை நிறுவுவது, முகப்பை எப்படி அமைப்பது என்பவை தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. மட்டுறுத்துநர்களாக அந்தக் களத்தை யார் பார்த்து ஒழுங்குபடுத்துவார்கள், என்ன அதிகாரத்தோடு, எந்த முறைப்படி என்பதற்கோ ஒரு வரிதான் கிடைத்திருந்தது. மென்பொருள் கோளாறால் மூடப்படும் களங்கள் அரிது. திறந்த சில மாதங்களில் பேச ஆளில்லாமல் அடங்கிப்போகும் களங்களே அதிகம். அந்தக் கட்டத்தைத் தாண்டியவற்றில், நாலைந்து பேரின் நடத்தையைக் கட்டுக்குள் வைக்க முடியாமல், மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடுகிறார்கள். இரண்டையும் தடுக்கும் ஏற்பாடுகள் திறப்பு நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அவற்றைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தரக் கோருகிறேன்.

எதைப் பற்றிய களம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு கேள்வியைக் காட்டி "இது இங்கே சேருமா?" என்று கேட்டால், தனித்தனியே இருக்கும் இரண்டு மட்டுறுத்துநர்களும் அந்த வாக்கியத்தை வைத்தே ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். "அறிவியல் பேசும் இடம்" என்பது இந்தச் சோதனையில் தேறாது. "சொந்தத் தொலைநோக்கியால் வானம் பார்ப்பவர்கள் கருவி, கண்டறிதல், படமெடுத்தல் பற்றிப் பேசும் இடம்" என்பது தேறும். பிரிவுகள் மூன்று அல்லது நான்கு போதும். இருபது பிரிவுகளோடு திறந்தால் பெரும்பாலானவை காலியாகக் கிடக்கும். வந்து பார்ப்பவர் இங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டிப் போய்விடுவார். ஒரே வகைத் திரிகள் (ஒரு கேள்வியும் அதற்கு வரும் பதில்களும் சேர்ந்த தொடர்கள்) பெருகி மற்றவற்றை முதல் பக்கத்திலிருந்து கீழே தள்ளும்போது புதிய பிரிவைப் பிரித்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு முன் நாலைந்து வாரங்கள் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பேசும் காலம் ஒன்று தேவை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் இப்படித்தான், குறைந்த ஆட்களோடு மூடிய சோதனைக் காலத்தில் தொடங்கியது. பதினைந்து இருபது பேரைத் தனித்தனியே அழையுங்கள். பொது அழைப்புக்கு வருகிறவர் படித்துவிட்டுப் போவார். "இந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்" என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்தான் எழுதுவார். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு நிற்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். இடத்துக்கு இடம் விகிதம் மாறினாலும் சாய்வு மாறுவதில்லை. உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டும் களம் ஏன் அமைதியாக இருக்கிறது என்று கலங்குகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறக்கும் அன்று முப்பது திரிகளாவது பதில்களோடு இருக்கட்டும். அவற்றைப் போலிப் பெயர்களில் எழுதி நிரப்பலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ரெட்டிட் 2005இல் தொடங்கியபோது அதன் நிறுவனர்கள் அப்படிச் செய்ததைப் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் இட்டவை பெரும்பாலும் வேறு தளங்களுக்கு அழைத்துச் செல்லும் சுட்டிகள். ஆளும் ஆளும் பேசிக்கொள்ளும் இடத்தில் அது ஆபத்து. தான் இரண்டு வாரமாக மெனக்கெட்டுப் பதில் சொன்னது இல்லாத ஒருவருக்கு என்று தெரிய வந்தால் அந்த உறுப்பினர் திரும்ப மாட்டார். தெரிந்ததை மற்றவர்களிடமும் சொல்வார். அழைத்தவர்களிடம் தங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் கேள்விகளைக் கேட்கச் சொன்னாலே முப்பது திரிகள் சேர்ந்துவிடும்.

முதல் ஆறு மாதத்துக்கு நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய அளவுகோல் ஒன்றே ஒன்று: புதியவர் இட்ட முதல் பதிவுக்கு எத்தனை மணி நேரத்தில் மறுமொழி வந்தது? இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. வேறு யாரும் எழுதவில்லை என்றால் மட்டுறுத்துநர் எழுத வேண்டும். பதில் தெரியாவிட்டாலும், கேள்வியைத் தெளிவாக்கும் துணைக்கேள்வி ஒன்றைக் கேட்டு, பதில் தெரிந்தவரை அந்தத் திரிக்கு அழைக்கலாம்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்கோர்ஸ், பிஎச்பிபிபி போன்ற திறமூல மென்பொருள்களில் எதுவும் போதும். டிஸ்கோர்ஸுக்கு ஒரு ஜி.பி. நினைவகமுள்ள சர்வர் தொடக்கத்துக்குப் போதுமானது, இரண்டு ஜி.பி. ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படுத்த வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்துக்கொண்டால் புதுப்பிக்கும்போது பாதியில் நிற்காது. பலரும் சிக்கிக்கொள்வது மின்னஞ்சலில்தான். கணக்கை உறுதிசெய்யும் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போனால் புதியவர் கதவருகிலேயே நின்றுவிடுவார், நிர்வாகிக்கு அது தெரியவே தெரியாது. அஞ்சல் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, தளத்தின் பெயருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் சரியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. நாலைந்து வேறுவேறு அஞ்சல் சேவைகளில் கணக்குத் தொடங்கிச் சோதித்த பிறகே திறக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் தளத்துக்குள் இலவசமாகக் குழு தொடங்கினால் என்ன என்ற கேள்வியும் எழும். தொடங்குவது எளிது, ஆனால் எழுதியவற்றின் சாவி நம் கையில் இருக்காது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது, யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15இல் மூடப்பட்டன. பல ஆண்டு உரையாடல்களைப் படியெடுத்து வைக்காத குழுக்கள் அவற்றை இழந்தன. முழுத் தரவையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதியில்லாத இடத்தில் களம் அமைக்காமல் இருப்பதே நல்லது.

விதிகள் ஒரு திரை அளவுக்குள் அடங்க வேண்டும். நீண்ட விதிப்பட்டியலை யாரும் படிப்பதில்லை. சண்டை வரும்போது அதில் ஓட்டை தேடுவதற்கு மட்டும் படிப்பார்கள். "மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்" என்ற விதி, மரியாதை என்பதற்கு ஆளுக்கொரு அளவு இருப்பதால், பயன்படாது. பார்த்துச் சொல்லக்கூடிய செயல்களாக எழுத வேண்டும். பதிவின் கருத்தை மறுக்கலாம், எழுதியவரின் அறிவையோ குடும்பத்தையோ தோற்றத்தையோ பேசக் கூடாது. ஒருவர் வெளியிடாத பெயர், முகவரி, பணியிடம், புகைப்படத்தை இன்னொருவர் வெளியிடக் கூடாது. தனிமடலில் வந்ததை அனுமதியின்றிப் பொதுவில் ஒட்டக் கூடாது. தன் பொருளையோ தளத்தையோ விளம்பரப்படுத்துபவர் அது தன்னுடையது என்பதைச் சொல்ல வேண்டும். வேறொருவர் எழுதியதையோ கருவி எழுதித் தந்ததையோ தன் பதிலாக இடக் கூடாது. இவற்றோடு, பட்டியலில் இல்லாத புதுவகைத் தொல்லைக்கும் மட்டுறுத்துநர்கள் நடவடிக்கை எடுக்கலாம் என்ற ஒரு விதி கட்டாயம் வேண்டும். விதிகளின் கீழே தேதி இருக்கட்டும். மாற்றினால் என்ன மாற்றம் என்று அறிவியுங்கள். புதிய விதியைப் பழைய பதிவுகளுக்குப் பொருத்தித் தண்டிக்காதீர்கள்.

எழுதியது யாருக்குச் சொந்தம், விலகுபவரின் பதிவுகள் என்னவாகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். 1985இல் தொடங்கிய வெல் என்ற முன்னோடிக் குழுமம், எழுதியவரின் சொற்கள் எழுதியவருடையவை என்பதைத் தொடக்கத்திலேயே நிலைநாட்டியது. விலகுகிறவர் எழுதிய எல்லாவற்றையும் நீக்கினால், அவருக்குப் பதில் எழுதிய நூறு பேரின் பதிவுகளும் பொருளிழந்து தொங்கும். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் அகற்றிவிட்டு உரையாடலை வைத்துக்கொள்வது பெரும்பாலும் இருதரப்புக்கும் சரியாக இருக்கும். தன்னைப் பற்றிய அந்தரங்கத்தை எழுதியிருந்தால் அந்தப் பதிவை முழுமையாகவே நீக்கித் தர வேண்டும்.

இனி புதிய கணக்குகள். இணையத்தின் தொடக்கக் கால விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள். ஓரிரு மாதங்களில் பழையவர்களிடமிருந்து நடைமுறையைக் கற்றுக்கொள்வார்கள். 1993, 1994 வாக்கில் ஏ.ஓ.எல். போன்ற வணிக இணையச் சேவைகளின் வழியாக வரத்து ஓயாமல் பெருகியபோது கற்றுக்கொடுக்க ஆள் போதவில்லை. முடிவில்லாச் செப்டம்பர் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். வந்தவர்களிடம் குற்றமில்லை, பழகிக்கொள்ளும் வேகத்தை வரத்தின் வேகம் மிஞ்சியதுதான் காரணம். எங்காவது களத்தைப் பற்றிச் செய்தி வந்து ஒரே நாளில் சில நூறு பேர் சேர முயன்றால், பதிவுசெய்வதை நிறுத்திக் காத்திருப்போர் பட்டியல் வைத்து, நாளுக்கு இத்தனை பேர் என்று உள்ளே விடத் தயங்க வேண்டாம். மெட்டாஃபில்டர் என்ற விவாதத் தளம் 2004இல் புதிய உறுப்பினரிடம் 5 டாலர் வாங்கத் தொடங்கியது. தடைசெய்யப்பட்டவர் அடுத்த நிமிடமே பத்துப் புதுப் பெயர்களில் நுழைவதற்கு அந்தச் சிறு தொகையே தடையாகிவிடுகிறது.

டிஸ்கோர்ஸில், புழங்கப் புழங்க உரிமைகள் கூடும் நம்பிக்கைப் படிநிலைகள் 0 முதல் 4 வரை உண்டு. புதியவர் ஐந்து திரிகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் வாசித்தால் 1ஆம் நிலைக்கு வருவார். அதுவரை ஒரு பதிவில் இரண்டு சுட்டிகளுக்கு மேல் தர முடியாது. முதல் நாளில் மூன்று திரிகள், பத்து மறுமொழிகள் என்ற வரம்பும் உண்டு. உண்மையாகப் பேச வந்தவருக்கு இந்த வரம்புகள் கண்ணில் படுவதேயில்லை. விளம்பரக் குப்பை கொட்ட வருபவரை இவையே பெரும்பாலும் தடுத்துவிடும். வேறு மென்பொருளானாலும் இதே அமைப்பைக் கையால் செய்துகொள்ளலாம்.

இதையும் தாண்டி வரும் குப்பைக்கு மூன்று உத்திகள் வழக்கம். கணக்கைத் தொடங்கிவிட்டுப் பல வாரம் சும்மா இருந்து, "நல்ல தகவல், நன்றி" என்று நாலு பதிவுகள் இட்டு நிலை உயர்ந்ததும் சுட்டியை வைப்பது ஒன்று. எவரும் திரும்பிப் பார்க்காத தன் பழைய பதிவைத் திருத்திச் சுட்டியைச் செருகுவது இன்னொன்று. இதற்குப் புதியவர்கள் பதிவைத் திருத்தும் கால அளவை ஒரு நாளாகக் குறைத்துவிட வேண்டும். மூன்றாவது, பதிவே இடாமல் தன்விவரப் பக்கத்தில் மட்டும் சுட்டியை வைப்பது. புதியவர்களின் அந்தப் பக்கத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிட்டால் வருவது நின்றுபோகும்.

தடைச்சொற் பட்டியல் ஒன்றைப் போட்டுவிட்டால் வசவு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். 1996இல் ஸ்கன்தார்ப் என்ற ஆங்கிலேய ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல்.லில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது, ஊர்ப்பெயருக்குள் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் இருந்ததால். நம் மொழியிலோ உருபுகள் ஏற ஏறச் சொல்லின் வடிவம் மாறுகிறது. முழுச்சொல்லைத் தடுத்தால் பாதி தப்பிவிடும், வேரைத் தடுத்தால் நல்ல சொற்களும் மாட்டும். பட்டியலில் உள்ள சொல் வந்தால் பதிவைத் தடுக்காமல், மட்டுறுத்துநரின் பார்வைக்கு அனுப்பும்படி மட்டும் அமைப்பதே சரி.

மட்டுறுத்தலைப் பதிவை நீக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நீக்குவது கடைசிப் படி. திசைமாறிய உரையாடலைத் தனித்திரியாகப் பிரிப்பது, சூடேறிய திரியில் ஒருவர் அடுத்த பதிவை இட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வைப்பது, திறக்கும் நேரத்தை அறிவித்துவிட்டு ஓர் இரவு பூட்டிவைப்பது ஆகியவை அதற்கு முன் செய்ய வேண்டியவை. ஆளைப் பொறுத்தவரை முதலில் தனிமடலில் குறிப்பு, பிறகு எழுத்துமூல எச்சரிக்கை, பிறகு மூன்று நாள் எழுதத் தடை, அடுத்து முப்பது நாள், அதன் பிறகே நிரந்தரத் தடை. உரையாடலைத் திருத்துவது பொதுவிலும் ஆளைத் திருத்துவது தனியிலும் நடக்கட்டும். பலர் பார்க்கக் கண்டிக்கப்பட்டவர் மானத்தைக் காக்கவாவது எதிர்த்துப் பேசுவார்; மற்றவர்கள் பக்கம் பிரிவார்கள்; பிரச்சினை ஒன்று இரண்டாகும்.

எச்சரிக்கை மடலில் நான்கு செய்திகள் இருந்தால் போதும். எந்தப் பதிவின் எந்த வரி, அது எந்த விதியை மீறுகிறது, இப்போது என்ன செய்யப்பட்டது, திரும்ப நடந்தால் என்ன செய்யப்படும். "உங்கள் போக்கு சரியில்லை" என்று குணத்தைப் பேசும் மடல் வாக்குவாதத்தில்தான் முடியும். பதிவை நீக்கினால் அந்த இடத்தில் "விதி 2இன்படி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி விடுங்கள். தடம் இல்லாமல் மறையும் பதிவுகள் வதந்தியை வளர்க்கும்.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தேதி, பதிவின் சுட்டி, காரணம், செய்தவர் பெயர் ஆகியவற்றை மட்டுறுத்துநர்கள் மட்டும் பார்க்கும் ஏட்டில் எழுதியாக வேண்டும். "அவருக்கு ஒரு நீதி எனக்கொரு நீதியா?" என்ற கேள்வி எல்லாக் களத்திலும் எழும், அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல அந்த ஏடு ஒன்றே வழி. விவாதத்தில் தானே ஒரு பக்கம் பேசிய மட்டுறுத்துநர் அந்தத் திரியில் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் இதை மென்பொருளிலேயே அமைத்திருந்தார்கள்: மற்றவர் கருத்துகளுக்கு மதிப்பெண் வழங்கியவர் அதே விவாதத்தில் கருத்து எழுதினால் அவர் வழங்கிய மதிப்பெண்கள் இரத்தாகிவிடும். முறையீட்டை, முதலில் முடிவெடுத்தவர் அல்லாத இன்னொருவர் ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். ஆகவே மூன்று மட்டுறுத்துநர்களுக்குக் குறைந்து களம் திறக்கவே கூடாது. ஒருவர் வாதத்தில் இருப்பார், ஒருவர் உறக்கத்தில் இருப்பார், மூன்றாமவராவது வேண்டும்.

ஒருவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, அவரிடம் சொல்லாமல் மறைத்துவைக்கும் முறையும் உண்டு. குப்பை கொட்டும் தானியங்கிக் கணக்குக்கு அது பொருந்தும். மனிதருக்குச் செய்வது ஏமாற்று. தவறு என்னவென்றே தெரியாதவர் திருந்த வழியில்லை. தெரிய வரும் நாளில் களத்தின் சொல்லை எவரும் நம்ப மாட்டார்கள்.

வெளிப்படையாக வசைபாடுபவரால் களம் அழிவதில்லை, அவரை விலக்குவது எளிது. அழிப்பவர்கள் வேறு இரண்டு வகையினர். முதலாமவர் எந்த விதியையும் மீற மாட்டார். ஒவ்வொரு பதிவுக்கும் மறுப்பு எழுதுவார், கொடுத்த ஆதாரத்தைப் படிக்காமலே அடுத்த ஆதாரம் கேட்பார், மற்றவர்கள் சலித்து ஒதுங்கும் வரை ஓயமாட்டார். இங்கே தனிப் பதிவைப் பார்த்தால் குற்றம் தெரியாது; திரியில் அவருடைய பங்கைப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் பேசும் திரியில் பாதிக்கு மேல் ஒருவர் பதிவாக இருந்தால் அது தலையிட வேண்டிய இடம். அவரை வெளியேற்ற வேண்டியதில்லை, அந்தத் திரியில் நாளுக்கு இரண்டு பதிவு என்று வரம்பு வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாமவர் களத்திலேயே அதிகம் அறிந்தவர், அதிகம் எழுதுபவர், புதியவர்களை மட்டும் இளக்காரமாகப் பேசுபவர். இவரைக் கேட்க நிர்வாகிகளுக்கு மனம் வராது, இவர் போய்விட்டால் என்னாவது என்ற அச்சம். இவர் எழுதிய நூறு பதில்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இவருக்கு அஞ்சிக் கேள்வி கேட்காமலே போனவர்களின் எண்ணிக்கை எங்கும் பதிவாவதில்லை. விதியை முதலில் இவர்மீது செலுத்தத் துணியாத களத்தில் மற்றவர்மீது செலுத்தும் தகுதி நிர்வாகிகளுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அவசர நிலைகளுக்கான நடைமுறையை முன்பே எழுதி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. ஒருவரின் முகவரி வெளியானால் முதலில் பதிவை மறையுங்கள், காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம். மிரட்டல் என்றால் மறைத்துவிட்டு ஆதாரத்தைப் பாதுகாக்க வேண்டும். அழித்தால் பாதிக்கப்பட்டவருக்குப் புகார் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. தன்னை மாய்த்துக்கொள்ளப்போவதாக எழுதுபவரின் பதிவை விதிமீறலாக நடத்தாதீர்கள். மட்டுறுத்துநர் ஒருவர் உடனே தனிமடலில் பேச வேண்டும், அவர் இருக்கும் இடத்தின் உதவி எண்ணைத் தர வேண்டும். திரியில் மற்றவர்கள் வழிமுறைகளைப் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் வந்தால் மட்டுறுத்துநர்கள் தங்களுக்குள்கூட அதை அனுப்பிக்கொள்ளக் கூடாது. உடனே மறைத்துவிட்டு, சட்டப்படி உரிய அமைப்புக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி நடக்க வேண்டும். எந்த நாட்டின் சட்டம் பொருந்தும், எங்கே தெரிவிப்பது என்பதைத் திறப்பதற்கு முன்பே கேட்டு எழுதிவைப்பது நிர்வாகியின் கடமை.

பார்த்துக்கொள்பவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் வரிசையைப் படங்கள் மங்கலாகத் தெரியும்படி அமைக்கலாம். முறை வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேள்வியின்றி விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும். பதவியைக் கேட்டு வருபவரைவிட, கேட்காமலே புதியவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருப்பவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைசியாக ஒன்று, கட்டுரையில் இல்லாதது. தளப்பெயர் யாருடைய கணக்கில், யாருடைய பணத்தில் புதுப்பிக்கப்படுகிறது? அவர் நோயில் விழுந்தால் என்ன ஆகும்? தளப்பெயர், சர்வர், அஞ்சல் சேவை ஆகியவற்றின் நுழைவுரிமை இருவரிடமாவது இருக்க வேண்டும். காப்புநகல் தினமும் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு வெற்றுச் சர்வரில் ஏற்றி, களம் உண்மையிலேயே எழுந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத காப்புநகலில் படங்கள் இல்லை என்பது தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். களத்தை மூட நேர்ந்தால் உறுப்பினர்களுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர்கள் எழுதியதை எப்படி இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் திறப்பு நாளன்றே விதிகளின் அடியில் எழுதிவிடுங்கள். தொண்ணூறு நாள் என்பது நியாயமான அளவு.

இப்படிக்கு,
மட்டுறுத்தல் பணியில் இருக்கும் வாசகர் ஒருவர்